மீன்தொட்டி மேலே, சத்தம் கீழே

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பத்திரிகைத் துறையில் இருந்துவிட்டேன். போர், இடப்பெயர்வு, தேர்தல், விலைவாசி என்று எழுதிய கை இப்போது வரவேற்பறை மீன்தொட்டியைப் பற்றி எழுதுவதா என்று சிலர் முகம் சுழிக்கக்கூடும். சுழிக்கட்டும். கடந்த ஆண்டு கனடா சென்றிருந்தபோது ஒரு மீன்தொட்டியின் காரணமாக எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறாத கோபத்தை எழுதித் தீர்ப்பதைத் தவிர வேறு தொழில் எனக்குத் தெரியாது.

ரொறன்ரோவின் கிழக்கே, நம்மவர்கள் செறிந்து வாழும் ஸ்காபரோவில் என் தங்கையின் வீடு. மைத்துனர் கடின உழைப்பாளி. குடிப்பழக்கம் இல்லை, சீட்டாட்டம் இல்லை. அவருக்கு இருக்கும் ஒரே ஆசை கடல்மீன் வளர்ப்பது. வரவேற்பறையில் 120 சென்ரிமீற்றர் நீளமும் 60 சென்ரிமீற்றர் அகலமும் அதேயளவு உயரமும் கொண்ட கண்ணாடித்தொட்டி. நீல ஒளி, பாறைகள், அவற்றின்மேல் அசையும் பவளங்கள், ஏழு மீன்கள். அவற்றுள் ஒன்று கரிய முகமும் நீல உடலும் மஞ்சள் முதுகுத்துடுப்பும் கொண்ட பவுடர் புளூ ராங். இந்து சமுத்திரத்துக்கே உரிய மீன் அது. "மச்சான், இது எங்கட கடல் மீன். இலங்கையிலையிருந்து வந்ததெண்டு கடைக்காரன் சொன்னவன்" என்று பெருமையோடு காட்டினார். உண்மையாகவே இருக்கலாம். நமது கரையோரப் பாறைகளில் சுழியோடிகள் பிடிக்கும் அழகு மீன்கள் கட்டுநாயக்கா விமான நிலையத்தினூடாக உலகெங்கும் செல்கின்றன.

தொட்டியைச் சுற்றி ஒரு கம்பியோ குழாயோ கருவியோ கண்ணிற் படவில்லை. ஒரு சத்தமும் இல்லை. எப்படி என்று கேட்டேன். அதுதான் தம் சாதனை என்றார். முன்பு வடிகட்டியும் நீர்ப்பம்பியும் தொட்டியின் கீழுள்ள அலுமாரிக்குள் இருந்தனவாம். இரவும் பகலும் இரைச்சல். தொலைக்காட்சி பார்க்க முடியாது, தங்கைக்குத் தலையிடி, வந்தவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். ஆகவே தரையைத் துளைத்துக் குழாய் இறக்கி, எல்லாவற்றையும் நிலக்கீழ் அறைக்குக் கொண்டுபோய்விட்டார்.

நிலக்கீழ் அறை வெறும் அறை அன்று. அங்கே ஒருவர் குடியிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்த மாணவர், இருபத்திரண்டு வயது இருக்கும். மாதம் தவறாமல் வாடகை கொடுப்பவர். மின்கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கும் அவருடையது. அவருடைய கட்டிலுக்கும் பம்பிக்கும் இடையே இருந்தது ஒரு மெல்லிய பலகைச் சுவர் மட்டுமே.

மேலே மூன்று பேரால் தாங்க முடியாதிருந்த இரைச்சலைக் கீழே ஒருவர் தனியாகத் தாங்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பணமும் செலுத்திக்கொண்டிருந்தார்.

அந்த இரவு

நான் தங்கியிருந்த நான்காம் நாள் காலை ஏழரை மணிக்குத் தங்கையின் அலறல் கேட்டு எழுந்து வந்தேன். தொட்டியின் நீர் அசையவில்லை. நீல மீன் பாறையிடுக்கில் பக்கவாட்டில் கிடந்தது. இன்னும் மூன்று மீன்கள் செத்து மிதந்தன. எஞ்சிய மூன்றும் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

மைத்துனர் கீழே ஓடினார். நானும் பின்னால் இறங்கினேன். தரைவிரிப்பு முழுவதும் உப்புநீர். மாணவரின் பயணப்பெட்டி, சப்பாத்து, புத்தகங்கள் கட்டிலின்மேல் குவிக்கப்பட்டிருந்தன. அவர் தம்முடைய படுக்கை விரிப்பாலும் துவாய்களாலும் தண்ணீரை ஒற்றிப் பிழிந்து வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தார். விடியும்வரை அதைத்தான் செய்திருந்தார் என்பது அவருடைய கண்களில் தெரிந்தது.

"தம்பி, பம்ப் நிண்டது உமக்குத் தெரியாதோ?"

"தெரியும் அங்கிள். இரண்டு மணி இருக்கும். சத்தம் நிண்டதாலைதான் முழிச்சனான்."

"அப்ப ஏன் வந்து எழுப்பேல்லை?"

மாணவர் துவாயைப் பிழிந்துகொண்டே மெதுவாகச் சொன்னார்: "அதைத் தொடவேண்டாம் எண்டு சொன்னனீங்கள். பத்து மணிக்குப் பிறகு மேலை வரவேண்டாம் எண்டும் சொன்னனீங்கள்."

மைத்துனர் பதில் சொல்லவில்லை. ஆனால் மேலே வந்ததும் தங்கையிடம், "பொறுப்பில்லாத பெடியன்" என்றார். என் கோபம் அந்தச் சொல்லில்தான் தொடங்கியது.

நடந்தது என்ன?

மீன் வளர்க்காத வாசகர்களுக்காகச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. இத்தகைய தொட்டிகளில் நீர் மேல்விளிம்பிலுள்ள ஒரு வழியால் வழிந்து குழாயில் இறங்கிக் கீழ்த்தொட்டிக்குச் செல்லும். அதை 'சம்ப்' என்பார்கள். அங்கேதான் அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி, வெப்பமூட்டி, பற்றீரியாக்கள் குடியிருக்கும் கற்கள் எல்லாம் இருக்கும். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா கடும் நஞ்சு. அதை முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் நஞ்சு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுபவை அந்தப் பற்றீரியாக்கள். அவற்றுக்கு ஓடும் நீரும் ஒட்சிசனும் வேண்டும். சுத்தமான நீரைப் பம்பி மீண்டும் மேலே ஏற்றும். இந்தச் சுற்றுத்தான் தொட்டியின் இரத்த ஓட்டம்.

அன்றிரவு ஈரமும் உப்பும் படிந்த ஒரு மின்செருகியில் கசிவு ஏற்பட்டு, காப்பு ஆளி தன் கடமையைச் செய்து மின்சாரத்தைத் துண்டித்தது. அது நல்லதே. உப்புநீருக்கு அருகில் அப்படியொரு காப்பு இல்லாவிட்டால் மனிதரே மாண்டிருக்கக்கூடும். ஆனால் பம்பி, நுரைபிரிக்கும் கருவி, வெப்பமூட்டி மூன்றும் அந்த ஒரே ஆளியில் தொங்கிக்கொண்டிருந்தன. ஆகவே மூன்றும் ஒன்றாக நின்றன.

பம்பி நின்றதும் மேலே ஏறிய நீர் அதே குழாயால் கீழே திரும்பத் தொடங்கியது. நீரேற்றும் குழாயின் வாய் தொட்டியில் 10 சென்ரிமீற்றர் ஆழத்தில் மூழ்கியிருந்தது. அந்த வாய் வெளியே தெரிந்து காற்றுப் புகும்வரை நீர் இறங்கிக்கொண்டே இருக்கும். கணக்குப் பாருங்கள். இந்தத் தொட்டியில் ஒரு சென்ரிமீற்றர் உயரத்துக்கு 7.2 லீற்றர் நீர். பத்துச் சென்ரிமீற்றருக்கு 72 லீற்றர். கீழ்த்தொட்டியில் மீதமிருந்த இடமோ 50 லீற்றர். மிகுதி 22 லீற்றரும் அந்த மாணவரின் தரைக்குச் சென்றது. நீர் திரும்பாமல் தடுக்க ஒருவழி வால்வு ஒன்று பொருத்தப்பட்டிருந்தது உண்மை. பொருத்திய நாளில் அது சரியாகவே மூடியதாம். கடல்நீர்த் தொட்டியில் நாளடைவில் எல்லாவற்றிலும் சுண்ணாம்பு படியும். படிந்த வால்வு முழுமையாக மூடாது. இதை அறியாதவர் அல்லர் மைத்துனர். கண்ணிற் படாததால் பார்க்கவில்லை.

மேலே மீன்களுக்கு என்ன நடந்தது? நன்னீரைவிடக் கடல்நீர் குறைவான ஒட்சிசனையே தன்னுள் வைத்திருக்கும். 25 பாகை வெப்பத்தில் நன்னீர் லீற்றருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேலாகக் கொள்ளும். கடல்நீர் 7 மில்லிகிராமைக்கூட எட்டாது. நீரின் மேற்பரப்பு அசைந்துகொண்டிருந்தால்தான் காற்றிலிருந்து ஒட்சிசன் இறங்கும். தொட்டிக்குள் ஒரு கருவியும் தெரியக்கூடாது என்ற அழகுணர்ச்சியால் மேலே நீரை அசைக்க ஒரு சிறு விசிறிகூட வைக்கப்படவில்லை. அலையும் நீரோட்டமும் மிகுந்த ஆழமற்ற பாறைக்கடலில் வாழப் பிறந்த மீன், ஐந்தரை மணித்தியாலம் அசையாத நீரில் மூச்சுத் திணறிச் செத்தது.

காப்பு ஆளியின் பொத்தானை அழுத்திப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். பன்னிரண்டு படிக்கட்டுகளுக்கு மேலே அதைச் செய்யத் தெரிந்தவர் உறங்கிக்கொண்டிருந்தார். கீழே விழித்திருந்தவருக்கு அதைச் செய்ய அனுமதி இல்லை.

இரைச்சலும் ஒரு செய்தி

மைத்துனரின் தந்தையார் வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்த தோட்டக்காரர். நான் அவரை அறிவேன். கிணற்றடியில் மண்ணெண்ணெய் இயந்திரம் இறைத்துக்கொண்டிருக்கும். அவர் நான்கு தோட்டம் தள்ளி யாருடனோ கதைத்துக்கொண்டிருப்பார். திடீரென்று கதையை நிறுத்திவிட்டு எழுந்து நடப்பார். என்னவென்று கேட்டால், "சத்தம் மாறிப்போச்சு, காற்றுப் பிடிக்குது" என்பார். போய்ப் பார்த்தால் கிணற்றில் நீர்மட்டம் இறங்கி உறிஞ்சுகுழாயின் வாய் வெளியே தெரியும். அவருக்கு அளவு காட்டும் கருவிகள் இருக்கவில்லை. காது இருந்தது.

பத்திரிகை அலுவலகத்தில் எங்களுக்கும் அப்படித்தான். அச்சு இயந்திரம் ஓடும்போது மேல்மாடியில் எங்கள் மேசை மெல்ல அதிரும். அதிர்வு நின்றால் கடதாசி அறுந்துவிட்டது என்று அர்த்தம். எவரும் வந்து சொல்லத் தேவையில்லை.

பம்பியின் இரைச்சலும் அத்தகைய செய்திதான். அது வரவேற்பறையில் இருந்த காலத்தில் ஒருநாள் இரவு சத்தம் மாறியதும் தங்கை எழுந்து பார்த்ததாகவும், பம்பிக்குள் நத்தையொன்று சிக்கியிருந்ததாகவும் அவளே எனக்குச் சொன்னாள். தலையிடி தந்த அதே சத்தந்தான் அன்று மீன்களைக் காப்பாற்றியது. அந்தச் செய்தியாளரைத்தான் இவர்கள் வீட்டைவிட்டு இறக்கிவிட்டார்கள்.

கீழே ஒருவர் அந்தச் செய்தியைக் கேட்டார். உறக்கத்திலும் கேட்டார். ஆனால் அவர் சொல்லக்கூடாத இடத்தில் வைக்கப்பட்டிருந்தார்.

ஆதரிப்போரின் வாதங்கள்

நியாயமாக எழுத வேண்டும். பம்பியையும் வடிகட்டியையும் நிலக்கீழ் அறைக்கு இறக்குவதை ஆதரிப்போர் சொல்லும் காரணங்களில் உண்மை உண்டு. கீழே இடம் அதிகம். பெரிய கீழ்த்தொட்டி வைக்கலாம். நீரின் மொத்த அளவு கூடினால் அதன் தன்மை சட்டென்று கெடாது. கோடையில் நிலக்கீழ் அறை குளிர்ச்சியாக இருப்பதால் நீர் சூடேறாது. உப்பு கரைக்கவும் நீர் மாற்றவும் வாளி சுமந்து வரவேற்பறையை நனைக்க வேண்டியதில்லை.

இந்த யோசனை நேற்றுப் பிறந்ததும் அன்று. 1871இல் லண்டனின் கிறிஸ்ரல் பலஸ் வளாகத்தில் வில்லியம் அல்போர்ட் லொயிட் அமைத்த பெரும் மீன்காட்சியகத்தில், காட்சித் தொட்டிகளில் இருந்த நீரைப்போலப் பல மடங்கு கடல்நீர் கீழே இருண்ட தேக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. நீராவி இயந்திரம் அதை இரவும் பகலும் சுற்றியோட வைத்தது. இன்றைய கடல்மீன் ஆர்வலர்கள் செய்வது அதே வேலைதான், சிறிய அளவில்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நீராவி இயந்திரம் ஆளில்லாமல் ஓடாது. அதற்கருகில் மனிதர் இருந்தார். அதைப் பார்ப்பது அவருடைய வேலையாக இருந்தது. லண்டனில் கீழே இருந்தவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஸ்காபரோவில் கீழே இருந்தவரிடம் வாடகை வாங்கினார்கள்.

மின்சாரம் பற்றியும் பேசியாக வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் பம்பியின் வேகம், நீரை மேலே உயர்த்தாதபோது உள்ள வேகம். உயரம் கூடக்கூட அது குறையும். ஒவ்வொரு பம்பிக்கும் ஓர் உச்ச உயரம் உண்டு. அதற்குமேல் ஒரு துளியும் ஏறாது. அலுமாரிக்குள் இருந்த பழைய பம்பி நீரை ஒரு மீற்றருக்குச் சற்று மேலே உயர்த்தினால் போதுமாக இருந்தது. இப்போது ஏறக்குறைய 4 மீற்றர். மணிக்கு 3,000 லீற்றர் நீரை 4 மீற்றர் உயர்த்துவதற்கு, இழப்பே இல்லாத இயந்திரமானாலும் 33 வாற்று வேண்டும். சிறு பம்பிகள் பெறும் மின்சாரத்தில் மூன்றிலொரு பங்கைப் பயனுள்ள வேலையாக மாற்றினாலே பெரிது. ஆகவே 100 வாற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயின் ஒவ்வொரு வளைவும் இதைக் கூட்டும். நாள் முழுவதும், ஆண்டு முழுவதும் ஓடினால் 876 கிலோவாற்று மணித்தியாலம். அதில் மூன்றிலொரு பங்கு 292. அந்த 292 அலகுக்கும் பணம் கொடுத்தவர் அந்த மீன்களை ஒருநாளாவது அமர்ந்து பார்க்க அழைக்கப்படாத மாணவர். இந்தக் கணக்கை நான் மைத்துனரிடம் கடதாசியில் எழுதிக் காட்டினேன். "அப்பிடி யோசிக்கேல்லை மச்சான்" என்றார். பொய் சொல்லவில்லை என்று நம்புகிறேன். அவர் யோசிக்காததுதான் என் குற்றச்சாட்டு.

மின்சாரம் நிற்கும் என்பதை நாம் மறக்கலாமா?

கனடாவில் மின்சாரம் நிற்காது என்பது நம்மவர்கள் பலரின் நம்பிக்கை. 2003 ஆகஸ்ட் 14ஆம் திகதி ஒன்ராறியோவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் சுமார் 5 கோடி மக்கள் இருளில் மூழ்கினார்கள். 2013 ஜூலை 8ஆம் திகதி ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பதிவான அன்று நிலக்கீழ் அறைகளில் வெள்ளம் புகுந்தது, மின்சாரமும் போனது. அதே ஆண்டு டிசம்பரில் பனிப்புயல் மரங்களை முறித்துக் கம்பிகளை அறுத்தபோது, பல வீடுகள் நத்தார் காலத்தில் நாட்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன.

நமக்கு இதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990இலிருந்து பல ஆண்டுகள் யாழ்ப்பாணம் மின்சாரமின்றி வாழ்ந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாம். பயிற்சிக் கொப்பித் தாளில் பத்திரிகை அச்சிட்டவர்களும் நாம். 2022 மார்ச் இறுதியில் இலங்கை முழுவதும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தது. மின்சாரம் நிற்கும் என்ற எண்ணத்தோடு ஒரு பொருளை அமைப்பது நமக்கு இரத்தத்தில் ஊறியிருக்க வேண்டும். தொட்டிக்குள் இருக்கும் உயிர்கள் முழுக்க முழுக்க ஒரு மின்கம்பியில் தொங்குபவை. அவற்றைக் கடலிலிருந்து எடுத்துவந்தவர், அந்தக் கம்பி அறுந்தால் என்ன செய்வது என்பதை முதலில் தீர்மானித்துவிட்டுத்தான் அழகைப் பற்றிப் பேச வேண்டும்.

சத்தத்தை இருந்த இடத்திலேயே அடக்கலாம்

இனி வேறு வழியே இல்லையா என்ற கேள்விக்கு வருகிறேன். இருக்கிறது. அதை எனக்குச் சொன்னவர் அந்த மாணவர்தான். அவர் படிப்பது பொறியியல். எவரும் அவரிடம் கேட்டதில்லை.

மீன்தொட்டியின் இரைச்சல் பெரும்பாலும் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று, வழிந்திறங்கும் குழாயில் நீரும் காற்றும் சேர்ந்து இறங்கும்போது எழும் கொப்பளிப்பு. அந்தக் குழாயின் அடியில் ஒரு வால்வை வைத்துச் சற்று மூடினால் குழாய் முழுவதும் நீரால் நிரம்பும். காற்று இல்லை, ஆகவே கொப்பளிப்பும் இல்லை. ஒரு குழாய் அடைத்தால் நீர் இறங்குவதற்கு இரண்டாவது குழாய் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். மற்றையது, பம்பி கண்ணாடியையும் பலகையையும் தொட்டுக்கொண்டிருப்பதால் எழும் அதிர்வு. பம்பியின் அடியில் தடித்த பஞ்சு அல்லது இறப்பர் வைத்து, விறைத்த குழாய்க்குப் பதிலாக வளையும் குழாயின் துண்டொன்றை இணைத்தால் அதுவும் பெருமளவு அடங்கும். ஒரு சனிக்கிழமை பிற்பகல் போதும். தரையைத் துளைக்கத் தேவையில்லை. ஒருவரின் உறக்கத்தைக் கெடுக்கவும் தேவையில்லை.

இல்லை, கீழேதான் இறக்குவேன் என்று நிற்பவர்கள் இவற்றையாவது செய்யட்டும். பம்பியை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு எவ்வளவு நீர் இறங்குகிறது என்று அளந்து, அதற்கும் மேலான இடத்தைக் கீழ்த்தொட்டியில் எப்போதும் வெறுமையாக வைத்திருங்கள். ஒருவழி வால்வை நம்பாதீர்கள். நீரேற்றும் குழாயின் வாயை மேற்பரப்புக்கு அருகில் வையுங்கள். எல்லாக் கருவிகளையும் ஒரே காப்பு ஆளியில் மாட்டாதீர்கள். மேலே தொட்டிக்குள், மின்சாரம் நின்றாலும் பற்றரியில் ஓடும் ஒரு சிறு நீரசைப்பியோ காற்றுப்பம்பியோ இருக்கட்டும். அழகு சற்றுக் குறைந்தால் குறையட்டும். கீழே பம்பி நின்றாலோ தரையில் நீர் பட்டாலோ ஒலிக்கும் மணி உங்கள் படுக்கையறையில் இருக்கட்டும், மற்றவருடைய படுக்கையறையில் அன்று.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நிலக்கீழ் அறையில் மனிதர் எவரும் உறங்கக்கூடாது.

நாமும் கீழே இருந்தவர்கள்தானே

இதை எழுதுவது எனக்கு எளிதன்று. மைத்துனர் 1990களின் தொடக்கத்தில் கனடா போனவர். அப்போது ஐந்து இளைஞர்களோடு ஒரு நிலக்கீழ் அறையில் இருந்தார். அந்த அறையிலிருந்து எனக்கு எழுதிய கடிதங்கள் என்னிடம் இன்னும் இருக்கின்றன. வீட்டைச் சூடாக்கும் இயந்திரம் தலைமாட்டில் இரவெல்லாம் உறுமுவதைப் பற்றி எழுதியிருந்தார். வேலை முடிந்து விடியற்காலையில் வந்து படுத்தால் மேலே வீட்டுக்காரரின் காலடிச் சத்தம் உறங்க விடாதாம். சன்னலில் வானம் தெரியாது, புல் தெரியும் என்று எழுதியிருந்தார். அவருடைய தலைமுறையில் ஆயிரக்கணக்கானோர் அப்படித்தான் அந்த நாட்டில் காலூன்றினார்கள். அதிலிருந்து எழுந்து சொந்த வீடு வாங்கியதை நான் மதிக்கிறேன்.

ஆனால் மேலே ஏறியவர் தம் வீட்டின் இரைச்சலை யாருடைய தலைமாட்டுக்கு இறக்கினார்? தம்மைப்போல் வந்த ஒருவரின் தலைமாட்டுக்கு. அதுவும் வீட்டைச் சூடாக்கும் இயந்திரம் போன்ற அவசியத்துக்காக அன்று. வரவேற்பறை அமைதியாக இருக்க வேண்டும் என்பதற்காக. விருந்தினர் வந்து, "என்ன அழகு, ஒரு சத்தமும் இல்லையே" என்று வியப்பதற்காக. நானும் அப்படி வியந்தவன்தான். வந்த முதல் மூன்று நாளும் கீழே யார் உறங்குகிறார் என்று நான் கேட்கவில்லை. கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்டவனுக்கு இது வெட்கம்தான்.

மீன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோமாளி மீன் போன்ற சிலவற்றைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்கிறார்கள். ஆனால் நமது கடலிலிருந்து போகும் அந்த நீல மீன்களில் பெரும்பாலானவை பாறையிலிருந்து நேரடியாகப் பிடிக்கப்படுபவை. ஒருவர் மூச்சடக்கி இறங்கி, வலையிட்டு, காயப்படாமல் மேலே கொண்டுவந்து, பொலித்தீன் பையில் ஒட்சிசன் நிரப்பி, பல்லாயிரம் மைல் அனுப்பிய உயிர் அது. அவ்வளவு தூரம் பிழைத்து வந்த உயிர், ஒரு பொத்தானை அழுத்த ஆளில்லாமல் செத்தது. கடைக்குப் போய் இன்னொன்று வாங்கலாம் என்றார் மைத்துனர். வாங்கலாம். பணம் இருக்கிறது. பணத்தால் ஈடுசெய்யக்கூடிய இழப்பு என்று அதைக் கருதும்வரை அடுத்த மீனும் அப்படியே சாகும்.

அந்த மாணவர் மாத இறுதியில் அறையைவிட்டுப் போய்விட்டார். போகும்போது நனைந்த புத்தகங்களுக்குப் பணம் கேட்கவில்லை. தங்கைதான் வற்புறுத்திக் கொடுத்தாள். தொட்டி மீண்டும் ஓடுகிறது. புதிய நீல மீன் ஒன்று வந்திருப்பதாகப் படம் அனுப்பினார்கள். கீழே வேறொருவர் குடிவந்திருப்பதாகவும் அறிகிறேன். பம்பி இருந்த இடத்திலேயே இருக்கிறதாம்.

மச்சான், இதை நீங்கள் வாசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் பெயரை எழுதவில்லை. உங்களை அறிந்தவர்கள் அறிந்துகொள்வார்கள், அதற்காக என்னோடு கோபிப்பீர்கள். கோபியுங்கள். ஆனால் இன்றிரவு ஒரு காரியம் செய்யுங்கள். கீழே இறங்கிப் போய், அந்தப் பிள்ளையிடம் கேட்டுக்கொண்டு, அவருடைய கட்டிலில் பத்து நிமிடம் தலைவைத்துப் படுத்திருங்கள். அந்தச் சத்தத்தைக் கேளுங்கள். 1990களில் எனக்கு எழுதிய கடிதங்கள் உங்களுக்கு நினைவுவரும். அதன்பின் பம்பியை மேலே கொண்டுவாருங்கள். அது முடியாதென்றால் அந்த அறையை வாடகைக்கு விடாதீர்கள். இரண்டும் முடியாதென்றால் மீன் வளர்க்காதீர்கள்.